பைசா கோபுரத்தை நிமிர்த்தியது எப்படி?

"சாய்கிற பக்கம் கான்கிரீட் போட்டு முட்டுக் கொடுத்திருந்தால் போதுமே, எதற்காகக் கோபுரத்தைப் 11 வருஷம் பூட்டி வைத்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

சாய்கிற தெற்குப் பக்கம் கை வைத்தபோதெல்லாம் விபரீதம்தான். 1838இல் புதைந்த அடிப்பகுதியைப் பார்ப்பதற்காகச் சுற்றிலும் தோண்டினார்கள். கோபுரம் சட்டென்று இன்னும் சாய்ந்தது. 1934இல் அடித்தளத்துக்குள் சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள். அப்போதும் அதே கதை. 1995இல் தெற்கே வேலை செய்வதற்காகத் திரவ நைட்ரஜனால் மண்ணை உறைய வைத்தபோது, ஒரு வருஷத்தில் சாய்வது ஒரே இரவில் சாய்ந்தது. அவசரமாக வடக்குப் பக்கம் ஈயக் கட்டிகளை அடுக்கி நிறுத்தினார்கள். மொத்தம் 900 டன் வரை போனது.

கோபுரத்தின் எடை சுமார் 14,500 டன். அடியில் இருப்பதோ மென்மையான களிமண். 1173இல் தொடங்கிய வேலை சில மாடிகளோடு நின்று, ஏறக்குறைய நூறு வருஷம் கிடப்பில் கிடந்தது. அந்த இடைவெளியில் களிமண் நீரை இழந்து இறுகியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அன்றைக்கே விழுந்திருக்கும்.

சரி, தீர்வு என்ன? எதிர்ப் பக்கம் மண்ணை எடுப்பது! கடற்கரை ஈர மணலில் நின்றிருப்பீர்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் அரிக்கும். யாரும் தள்ளாமலே உடம்பு பின்னால் சாயும். அதையேதான் வடக்குப் பக்கம் செய்தார்கள். சாய்வாக ஒரு குழாயை இறக்கி, அதற்குள் சுழலும் துரப்பணத்தால் கொஞ்சம் மண்ணை எடுத்து, குழாயைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பார்கள். உள்ளே உண்டான சின்னப் பொந்து, சுற்றியுள்ள மண்ணின் அழுத்தத்தில் மெல்ல மூடிக்கொள்ளும். மேலே கோபுரம் ஒரு மயிரிழை வடக்கே திரும்பும். அளவெடுத்துப் பார்த்த பிறகே அடுத்த பிடி மண். 41 துளைகள், எடுத்த மண் மொத்தமே ஏறத்தாழ 38 கன மீட்டர். சில லாரிகளில் அடங்கிவிடும். 1999இல் சோதனையாகத் தொடங்கி 2001இல் முடித்தபோது, ஐந்தரை டிகிரிச் சாய்வில் அரை டிகிரி குறைந்திருந்தது.

அளவெடுக்கும் கருவிகள் இல்லாமல் இது நடந்திருக்காது. பழைய கட்டடம் என்றாலே பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள், முதலில் அந்தக் கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், முழுசாக ஏன் நிமிர்த்தவில்லை என்று கேட்பீர்கள். இந்தக் கோபுரத்தை நேராக நிமிர்த்தவே முடியாது. கட்டும்போதே சாய்வதைப் பார்த்த கொத்தர்கள், மேல் மாடிகளை வடக்கே திருப்பித் திருப்பி எழுப்பியதால் அது வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. உச்சியில் மணிகள் தொங்கும் அறைக்குத் தெற்குப் பக்கம் ஆறு படி, வடக்குப் பக்கம் நாலே படி. அடியை நேராக்கினால் உச்சி வடக்கே சாய்ந்து நிற்கும்.