தம்பிக்குச் செலவு செய்வது இரண்டு பேர், 80டிடி கழிவு யாருக்கு?

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுத் தம்பிக்கு எழுந்து நடக்க முடியாது. கூட இருக்கும் அக்கா பள்ளி ஆசிரியை. வாடகையும் மளிகையும் அவர் பொறுப்பு. மாத்திரை, பிசியோதெரபி செலவுக்கு கோயம்புத்தூர் அண்ணன் ஜிபேயில் பணம் போடுகிறார். இருவருமே வரி கட்டுகிறவர்கள்.

மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவர், வரி போடும் தன் வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள இடம் தருவது 1961 வருமானவரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு (2025-26 நிதியாண்டு வருமானம் வரைக்கும் இந்தச் சட்டம்தான்). இதில் தொகை நிலையானது. மாற்றுத்திறனாளி சான்றிதழில் பாதிப்பு 40 சதவீதம் இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதத்தைத் தொட்டால் 1,25,000. செலவு 9,000தான் ஆனது என்றாலும் முழுத் தொகையும் கழியும்.

சிக்கல் வேறு இடத்தில். சட்டம் இரண்டு கேள்வி கேட்கிறது. அவர் முழுவதுமாகவோ பெரும்பாலுமோ உங்களை நம்பித்தான் இருக்கிறாரா? அவருடைய மருத்துவம், பராமரிப்பு ஆள், பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு நீங்கள் செலவு செய்தீர்களா? அரிசி மூட்டையும் கரண்ட் பில்லும் முதல் கேள்விக்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது. மேலே சொன்ன வீட்டில் அக்கா முதல் கேள்வியில் தேறுவார், அண்ணன் இரண்டாவதில். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ளவும் சட்டத்தில் ஏற்பாடு இல்லை. பாரம் பெரும்பாலும் அக்கா மேல்தான் என்றால், மாத்திரைச் செலவிலும் ஒரு பங்கை அவரே ஏற்று, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். கழிவு அவருக்கு.

அண்ணன் துபாயில் இருந்து, வரிக் கணக்கில் என்ஆர்ஐ ஆகிவிட்டால் எவ்வளவு அனுப்பினாலும் இந்தக் கழிவு கிடையாது. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் மட்டுமே பட்டியலில் உண்டு. சித்தப்பாவையும் அக்கா மகனையும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்கிறவர்களை விட்டுவிட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாற்றுத்திறனாளி தனக்காகவே எடுக்கும் கழிவு 80யு; தம்பியே தன் கணக்கில் அதை எடுத்திருந்தால் இதை வேறு யாரும் எடுக்க முடியாது.

இன்னொன்று, இது பழைய வரி முறையில் மட்டும்தான். 2025-26 நிதியாண்டில் சம்பளம், வட்டி போன்ற சாதாரண வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையில் வரியே இல்லை, 80டிடிக்காகப் பழைய முறைக்குத் தாவ வேண்டாம். அதற்கு மேல் போனால் இரண்டு வகையிலும் போட்டுப் பாருங்கள். 20 சதவீத வரியில் 75,000 கழிந்தால் செஸ்ஸோடு 15,600 மிச்சம்.

பாலக்காட்டில் வாங்கிய சான்றிதழ் கோயம்புத்தூரிலும் செல்லும். ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைப் பாதிப்பு என்றால் 10-ஐஏ என்ற மருத்துவச் சான்றுப் படிவமும் வேண்டும். அப்புறம், சான்றிதழில் மறுபரிசோதனைத் தேதி இருக்கிறதா பாருங்கள். அது தாண்டிவிட்டால் புதுச் சான்றிதழ் வாங்கித்தான் அடுத்த வருடக் கழிவைக் கேட்க முடியும்.