காலைச் சாப்பாட்டை விட்டாச்சு, பிபி மாத்திரையை என்ன செய்தீர்கள்?

கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து மேல்தட்டில் இருந்த பெயின்ட் டப்பாவை எடுக்கப் போயிருக்கிறார், அவ்வளவுதான் அவருக்கு நினைவிருக்கிறது. கண் விழித்தபோது கடைப்பையன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தானாம். 54 வயது, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, ஆறு வருடமாக பிபிக்கு என்னிடம்தான் பார்க்கிறார். மாரடைப்போ என்று பயந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். இசிஜி சரியாக இருந்தது, சுகர் 92. படுக்கவைத்துப் பார்த்தால் பிபி 118/76. எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தேன், 92/60.

"சாப்டீங்களா அண்ணாச்சி?"

"நான் பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பிடுவேன் டாக்டர். ரெண்டரை மாசமா அப்படித்தான். ஏழு கிலோ குறைஞ்சிருக்கேன், தெரியும்ல?" மயங்கி விழுந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மாத்திரை?"

"அது காலைல ஏழு மணிக்கு டாண்ணு போட்டுருவேன்."

எடை குறைக்க இப்படிப் பல மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிற விரதத்தில் தப்பில்லை, மாத்திரையிலும் தப்பில்லை. ரெண்டும் ஒரே காலையில் ஒரே உடம்பில் சந்தித்ததுதான் பிரச்சினை. நாம் சாப்பிடும்போது சுரக்கிற இன்சுலின் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை, சிறுநீரகத்திடம் உப்பைப் பிடித்துவை என்றும் சொல்கிறது. பல மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் இன்சுலின் இறங்கும், உப்பு சிறுநீரில் போகும், கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் ஒன்றரை ரெண்டு கிலோ குறைந்ததாக எல்லாரும் சந்தோஷப்படுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அண்ணாச்சி போட்டது டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்த மாத்திரை. இந்த இரண்டாவது மருந்தின் வேலையே உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது. (நம் ஊரில் விற்கிற பல பிபி மாத்திரை அட்டைகளில் பெயருக்குப் பின்னால் ஒரு 'ஹெச்' ஒட்டிக்கொண்டிருக்கும், அது இந்த மருந்துதான். வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள்.) போதாததற்கு ஏழு கிலோ வேறு குறைந்திருக்கிறார். எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் பிபி சுமாராக ஒரு புள்ளி இறங்கும் என்பது கணக்கு. எடை கூட இருந்தபோது நான் எழுதிக்கொடுத்த டோஸை, வைகாசி வெயிலில், வெறும் வயிற்றில், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் போட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு நேர் எதிர் ரகமும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், விரதம் ஆரம்பித்த அன்றே அம்லோடிபின் என்கிற பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று நாள் கழித்து வீட்டில் பார்த்தால் மேல் பிபி 132, சரி குணமாகிவிட்டது என்று கருவியைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், நிறுத்திய பிறகும் சில நாள் அதன் வேலை ஓடிக்கொண்டிருக்கும், அந்த 132 மாத்திரை கொடுத்த மிச்சம். மூன்று வாரம் கழித்துத் தலைவலி என்று வந்தபோது 178/104. எனக்கு அண்ணாச்சியைவிட இந்த ரகத்தைப் பார்த்துதான் அதிக பயம். அவராவது விழுந்தார், உடனே தெரிந்தது. ஏறிய பிபி பல பேருக்குத் தலைவலியைக்கூடக் காட்டாது.

சரி, விரதத்தால் பிபி குறையுமா? குறையும். ஆனால் எவ்வளவு, எதனால் என்பதில்தான் யூடியூபுக்கும் எனக்கும் சண்டை. எல்லாரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு. எடை குறையாமலேயே ஐந்து வாரத்தில் மேல் பிபி சுமார் 11 புள்ளி, கீழ் பிபி 10 புள்ளி இறங்கியது, உண்மைதான். அதில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் எட்டே எட்டு ஆண்கள் என்பதையும், அவர்கள் அன்றைய கடைசிச் சாப்பாட்டை மதியம் 3 மணிக்குள் முடித்தார்கள் என்பதையும் யாரும் சொல்வதில்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்தது இன்னும் பெரிய ஆய்வு, உடல் பருமன் உள்ள 139 பேர், ஒரு வருடம். எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைந்த கலோரி, பாதிப் பேருக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பாடு. முடிவில் எடையிலும் சரி பிபியிலும் சரி, இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. அதாவது அளவைக் குறைத்தால் பலன் வருகிறது, கடிகாரத்தைப் பார்ப்பது சிலருக்கு அளவைக் குறைக்க வசதியான வழி. அவ்வளவுதான் நான் புரிந்துகொண்டது.

இன்னொன்று. நம் ஆட்கள் விரதம் என்றதும் காலை இட்லியைத்தான் விடுகிறார்கள், இரவுப் பரோட்டாவை விடுவதில்லை. கடை பூட்டிவிட்டு பத்து மணிக்கு வந்து சாப்பிடுகிற ஊரில் அது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் விடுவதென்றால் இராத்திரியைக் குறையுங்கள் என்றுதான் சொல்வேன். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு ஒருபொழுது இருந்து பழகிய கூட்டம்தானே நாம். அப்புறம் விரதத்தை எதைச் சாப்பிட்டு முடிக்கிறோம் என்பதும் முக்கியம். பதினாறு மணி நேரம் பசியோடு இருந்துவிட்டு அப்பளம், ஊறுகாய், மிக்சர் என்று இறங்கினால் வெளியே போன உப்பு அத்தனையும் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன்தான், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். முதல் ஒரு மாதம் வீட்டிலேயே காலையும் மாலையும் பிபி பாருங்கள், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, காபி குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகு. நின்றுகொண்டும் ஒருமுறை பாருங்கள். உட்கார்ந்திருந்ததைவிட 20 புள்ளி இறங்கினாலோ எழும்போது கிறுகிறுத்தாலோ அன்றைக்கே போன் பண்ணுங்கள், நீங்களாகப் பாதியாக உடைத்துப் போட வேண்டாம். தண்ணீர் குடியுங்கள், பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம் பிபிகாரர்களுக்கு வேண்டாம். சுகருக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு சுகர் தாழ்ந்துபோகும், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. இவர்களும் கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அண்ணாச்சிக்கு ஹெச்சை எடுத்துவிட்டு வெறும் டெல்மிசார்டன் மட்டும் வைத்தேன். இரவுச் சாப்பாடு இப்போது கடைக்கே ஏழு மணிக்கு வந்துவிடுகிறதாம். போன மாதம் பார்த்தபோது 128/80, நின்றபோதும் 122. "எல்லாம் விட்டுட்டாரு டாக்டர், மோர்மிளகாயை மட்டும் விடமாட்டேங்கறாரு" என்றார் அவர் மனைவி. அண்ணாச்சி சுவரில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.