டெல்டாவுக்கு மேலே பறக்கையில் ஸ்டீரியோ படம்: எங்கே சொதப்புகிறது?

விமான ஜன்னலிலிருந்து காவிரி டெல்டாவைப் படம் பிடித்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி தட்டையாகத்தான் வரும். ஸ்டீரியோ படம் என்றால் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படம்; ஜோடி சேர்த்துப் பார்த்தால் ஆழம் தெரியும். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் மேடு பள்ளத்தைப் பிரித்துக் காட்ட, ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியுள்ள நம் இரண்டு கண்களுக்கே வலு கிடையாது. ஆனால் விமானம் நகர்கிறது. ஒரு படம் எடுத்து, சற்றுப் பொறுத்து இன்னொன்று எடுத்தால் இரண்டு கண்ணுக்கும் நடுவே 200 மீட்டர் கிடைத்துவிடுகிறது. நில அளவை விமானங்களும் அடுத்தடுத்த படங்கள் சுமார் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்து இதைத்தான் செய்கின்றன.

எவ்வளவு பொறுப்பது? படத்தில் மிக அருகில் தெரியும் பொருளின் தூரத்தை 30-ஆல் வகுத்தால் இடைவெளி வரும். ஏடிஆர் போன்ற புரொபெல்லர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகிறது என்றால் நொடிக்கு 140 மீட்டர். அருகில் தெரியும் வயல் 6 கிலோமீட்டரில் இருந்தால் 200 மீட்டர் வேண்டும். அது ஒன்றரை நொடி. மேகம் 2 கிலோமீட்டரில் வந்துவிட்டால் அரை நொடிதான். தொடுவானத்தை வெட்டிவிட்டு வயல்களை மட்டும் எடுத்தால் இடைவெளியை இரட்டிப்பாக்கலாம். தட்டை நிலத்துக்கு அதுதான் நல்லது. கணக்குப் போட நேரம் இருக்காது. அரை நொடிக்கு ஒன்றாகப் பத்துப் படம் எடுத்துக்கொண்டு, பொருத்தமான ஜோடியை வீட்டில் தேடுவதே நடைமுறை.

டெல்டாவுக்கே உரிய தொல்லை தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயல் நிறையத் தண்ணீர் நிற்கும். அடுக்கு மேகமும் அப்போதுதான் அழகு. ஆனால் வயலில் மின்னும் சூரியப் பளபளப்பு விமானத்தோடு கூடவே ஓடிவரும். முதல் படத்தில் ஒரு வயலில் இருந்தது அடுத்ததில் நாலு வயல் தள்ளி இருக்கும். ஜோடி சேர்த்துப் பார்த்தால் ஒரு கண்ணில் வெளிச்சம், மறு கண்ணில் இருட்டு, கண் கூசும். சில இடத்தில் நிலத்தைத் துளைத்துக்கொண்டு பாதாளத்தில் ஏதோ எரிவதுபோல் தோன்றும். இதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்காருவதே வழி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகையில் டெல்டா இடப்பக்கம். காலையில் சூரியனும் அங்கேதான். ஆகவே மாலை விமானம் பிடியுங்கள். திருச்சியிலிருந்து திரும்பும்போது, அதே மாலை நேரம், வலப்பக்கம்.

இறக்கை படத்துக்குள் வரவே கூடாது. அது கேமராவோடு சேர்ந்து போவதால் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். ஆழத்தில் அது தொடுவானத் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். ஆனால் அருகிலுள்ள மேகத்தையும் மறைக்கும். மூளை ஒப்புக்கொள்ளாது. ஓடும் வண்டிகளும் இப்படித்தான்: கொள்ளிடம் பாலத்தில் விமானம் போகும் திசையிலேயே போகும் பஸ் பாலத்துக்குக் கீழே புதைந்ததுபோல் இருக்கும், எதிரே வருவது மிதக்கும்.

ஃபோகஸைத் தொலைவில் பூட்டுங்கள். வெளிச்ச அளவையும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டு படமும் இரண்டு நிறத்தில் வரும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி. நடுவில் ஜூமைத் தொடாதீர்கள். கண்ணாடியில் லென்ஸை அழுத்தினால் அதிர்வு ஏறும்; ஒரு விரல் இடம் விட்டு, உட்புறப் பிரதிபலிப்பை மறைக்கக் கறுப்புத் துணியோ கைக்குட்டையோ போதும். பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டால் ஜன்னலின் அக்ரிலிக்கில் வானவில் பட்டைகள் தெரியும், கழற்றிவிடுங்கள். விமானம் சாய்ந்து திரும்பும்போது எடுத்த ஜோடி பெரும்பாலும் குப்பைக்குத்தான்.

விமானப்படைத் தளங்களில் ஏறி இறங்கும்போது கேமராவை எடுக்காதீர்கள். பணியாளர் வேண்டாம் என்றால் வாதாடாமல் உள்ளே வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஸ்டீரியோ ஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளில் ஜோடியை ஏற்றினால் சாய்வையும் உயர வித்தியாசத்தையும் அதுவே சரிசெய்யும். இட ஜன்னலில் முதலில் எடுத்தது இடக்கண்ணுக்கு, வல ஜன்னலில் முதலில் எடுத்தது வலக்கண்ணுக்கு. சரியாக வந்தால் ஸ்ரீரங்கம் தீவு மேசைமேல் வைத்த பொம்மை ஊர் போலத் தெரியும். மாறிப்போனால் மேகம் வயலுக்கு அடியில் கிடக்கும், 72 மீட்டர் ராஜகோபுரம் கிணறாகிவிடும்; இடம் வலம் மாற்றிப் போட்டால் போதும்.