பெட்டிசம் போட்டால் நாள் நிற்காது

பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றிய ஒரு பெட்டிசக் கட்டு, அதாவது முறையீட்டுக் கடிதங்கள். ஜனாதிபதிக்கு ஒன்று, அமைச்சருக்கு ஒன்று, எம்.பி.க்கு இரண்டு, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) ஒன்று, தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு மூன்று. எல்லாம் பதிவுத்தபால், எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. "உரிய நடவடிக்கைக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது" என்று ஓரிரு பதில்களும் இருக்கும். சம்பவம் நடந்து ஏழு மாதம். இனி உயர் நீதிமன்றம் போவோம் என்கிறார்கள் தோட்டத்து மக்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ எந்தச் சட்டத்தரணியைக் கேட்டாலும் இந்தக் கட்டை அவருக்குத் தெரியும். அதற்கு அவர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: காலம் போய்விட்டது.

அடிப்படை உரிமை மீறப்பட்டால், அல்லது மீறப்படப்போகிறது என்றால், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். இது இலங்கை அரசியலமைப்பின் 126(2)ஆம் உறுப்புரை. உயர் நீதிமன்றம் என்று இங்கே சொல்வது கொழும்பு புதுக்கடையில் இருப்பதை. இந்தியத் தொலைக்காட்சியில் உச்ச நீதிமன்றம் என்பார்களே, அதற்குச் சமமானது. சென்னை விவாதங்களைப் பார்த்துவிட்டு, நிறைவேறிய சட்டத்தையே ரத்துச் செய்யச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. இங்கே 80(3) அதற்கு இடம் தராது. சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. அது வேறு கதை, விடுங்கள்.

ஒரு மாதத்துக்கு வருகிறேன். "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரட்டும், அதுவரை நாள் ஓடாது" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ, தோட்டத்துக்குத் தோட்டம் வேரூன்றிக் கிடக்கிறது. நாள் ஓடும். 1988இல் கமஎத்திகே எதிர் சிறிவர்தன வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இதைத் தெளிவாகவே வைத்தார். ஒரு மாதம் என்பது கட்டாயமான எல்லை. மீறல் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மீறல் நடந்தது பாதிக்கப்பட்டவருக்குத் தெரியவே வழியில்லை என்றால், தெரியவந்த நாளிலிருந்து. நிர்வாக மேன்முறையீடோ வேறு வழக்கோ நடத்திக்கொண்டிருப்பது இந்த ஓட்டத்தை நிறுத்தாது, இடையில் தடுக்கவும் செய்யாது. பொலிஸில் போட்ட என்ட்ரியும் நிறுத்தாது. டி.எஸ். ஆபீஸில் (பிரதேச செயலகம்) கொடுத்த முறைப்பாடும் நிறுத்தாது. தகவல் அறியும் விண்ணப்பமும் நிறுத்தாது. சங்கத் தலைவர் "நான் பேசிக்கொள்கிறேன்" என்று போனில் சொன்ன வாக்கு சுத்தமாக நிறுத்தாது.

நீதிபதிகள் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பது நியாயம். இந்தக் காலவரையறையை விதித்தது சாதாரண சட்டமோ நீதிமன்ற விதியோ அல்ல, அரசியலமைப்பே. நீதிமன்றம் தன் விதியைத் தளர்த்தலாம், அரசியலமைப்பின் சொல்லைத் தளர்த்த முடியாது என்பது அவர்கள் வாசிப்பு. அதே 126இன் 5ஆம் பந்தி, மனுவை இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் முடிக்க வேண்டும் என்கிறது. அதை மட்டும் வழிகாட்டல் என்றே வாசிக்கிறார்கள், வழக்குகள் வருடக்கணக்கில் கிடக்கின்றன. எங்களுக்கு ஒரு மாதம் கட்டாயம், உங்களுக்கு இரண்டு மாதம் வழிகாட்டலா என்று எரிச்சல்படலாம். எரிச்சல்பட்டுக்கொண்டே மனுவை நேரத்துக்குப் போடுங்கள்.

விதிவிலக்கு இருக்கிறது, குறுகலாக. மனுதாரர் பக்கம் கவனக்குறைவோ தாமதமோ தவறோ சற்றும் இல்லாமல், வரவே முடியாத நிலை இருந்திருந்தால் நீதிமன்றம் தன் தற்றுணிபில் ஏற்கலாம். தடுப்புக்காவலில் சட்டத்தரணியைப் பார்க்க விடாமல் வைத்திருந்தது போல. கொழுந்து சீசன், பஸ் இல்லை, பிள்ளைக்குச் சுகமில்லை என்பவை அந்தக் கணக்கில் வராது. நியமனம் மறுக்கப்பட்டதன் பாதிப்பு இன்றும் தொடர்கிறதே என்ற வாதமும் அநேகமாக நிற்காது. மீறல் தொடர்வது வேறு, ஒருநாள் நடந்த மீறலின் விளைவு தொடர்வது வேறு.

மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் தபால். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாரோ கணக்கப்பிள்ளை ஞாபகம் வந்தபோது கைக்கு வருகிறது. கடிதத்தில் திகதி 3, கையில் கிடைத்தது 24 என்றால், தெரியவந்த நாள் 24தான் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே உறையை வீசாதீர்கள். ஐயா, அம்மா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், உறையை வீசாதீர்கள். தபால் முத்திரை இருப்பது அதில்தான். கிடைத்த அன்றே உறையின் பின்பக்கம் திகதியும் கொடுத்தவர் பெயரும் எழுதி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

நாளைத் தள்ளிவைக்கும் சட்டபூர்வமான வழி ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் பிராந்தியக் காரியாலயங்கள் உள்ளன. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. முறைப்பாடு கிடைத்தது என்ற துண்டு மட்டும் போதாது, உண்மையில் விசாரணை நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று தீர்ப்புகள் சொல்லியிருக்கின்றன. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், விசாரணைக்கு அழைத்த கடிதங்களை வையுங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எழுத்தில் நிலைமை கேளுங்கள். முடிந்தால் இதை நம்பியே இராமல் மனுவையும் மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

அடுத்த குழப்பம், யாருக்கு எதிராக என்பது. தொரை (தோட்ட முகாமையாளர்) திட்டினார், கம்பனி சம்பளத்தைப் பிடித்தது என்று அடிப்படை உரிமை மனு கேட்கிறார்கள். 126 பேசுவது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலை மட்டும். அரச நிறுவனமா என்பதைப் பெயர்ப்பலகையை வைத்து நீதிபதிகள் முடிவு செய்வதில்லை. 1987இல் எயார் லங்கா வழக்கில், கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனத்தையும் அரசின் ஆழமான கட்டுப்பாட்டைப் பார்த்து 126க்குள் கொண்டுவந்தார்கள். அதனால் அரச தோட்டச் சபையான ஜனவசமவின் தோட்டம் என்றால் வாதாட இடம் உண்டு. 1992க்குப் பின் தனியாரிடம் போன பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனி என்றால், நிலம் அரசினுடையதுதானே என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு புதுக்கடைக்குப் போகாதீர்கள். வேலையால் நிறுத்தியிருந்தால் இடம் தொழில் நியாய சபை, காலம் ஆறு மாதம். ஆனால் அடி வாங்கியவரின் முறைப்பாட்டைப் பொலிஸ் எடுக்க மறுத்தால், அது அரசின் செயல். அதற்கு மனு உண்டு.

மொழி விடயத்தில் எதிர்மாறான தவறு நடக்கிறது. இருக்கும் உரிமையை இல்லை என்று நினைக்கிறார்கள். 126 அடிப்படை உரிமையோடு 4ஆம் அத்தியாயத்தின் மொழி உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும், பதிவேட்டின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்கவும் 22(2) உரிமை தருகிறது. "எங்கள் பிரிவு இருமொழிப் பிரிவு இல்லையே" என்று அதிகாரிகள் சொல்வது காரணமல்ல. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை அலமாரியில் வைக்காமல், அதே வாரம் தமிழில் பதில் கேட்டுப் பதிவுத்தபாலில் எழுதுங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம், அதுவும் நாள் ஓடுவதை நிறுத்தாது. மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தரும் சலுகை அடிப்படை உரிமையையே குறிப்பிடுகிறது. மொழி உரிமைக்கு அதை நம்பி இருக்காதீர்கள், அரசியலமைப்பின் 12(2)இன் பாரபட்ச வாதத்தையும் சேர்த்து வையுங்கள்.

சம்பவம் நடந்த முதல் வாரத்திலேயே சட்டத்தரணியையோ நீதிமன்றத்துக்கு அருகில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுக் காரியாலயத்தையோ பாருங்கள். கையில் காசே இல்லாதவரின் எழுத்து முறைப்பாட்டைக் கூட மனுவாக ஏற்க 1990ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளில் இடமுண்டு, ஆனால் அது நீதிபதியின் விருப்பம். மனுவோடு போகும் சத்தியக்கடதாசிக்கு வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள். ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னிலையில் நீங்களே நிற்க வேண்டும், மகனை அனுப்பக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்று கேளுங்கள். பெருவிரல் வைக்கிறவர்களுக்கு அந்த வரி இல்லாவிட்டால் மறுதரப்பு முதல் நாளே அதைத்தான் பிடிக்கும்.