சுவரில் தொங்கும் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்துவிட்டது. அந்தப் போரின் துப்பாக்கி ஒன்று அருங்காட்சியகத்துக்கு வந்தால், பதிவெண் போடுவதற்கும் படம் எடுப்பதற்கும் முன்னால் அதன் குழலுக்குள் ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்ப்போம்.

வடக்கு மாநிலங்களின் படையில் பரவலாக இருந்தது 1861 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. மருந்தையும் குண்டையும் வாய்வழியே போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் திறந்து பார்க்க வழியே கிடையாது. அதனால் குச்சியை அடிவரை விட்டு, வாய் விளிம்பில் கோடு கிழித்து, வெளியே எடுத்துக் குழலின் மேலேயே கிடத்துவோம். கோடு வாய்க்கு நேராக இருக்கும்போது நுனி, கேப் (அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி) மாட்டும் முளை வரை எட்டினால் காலி. எட்டவில்லையென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. வெறும் துருவாகவோ பழந்துணியாகவோகூட இருக்கலாம். நான் குண்டென்றே எடுத்துக்கொள்வேன்.

ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் கணப்புக்கு மேலே மாட்டியிருந்ததைக் கொடையாகக் கொண்டுவந்தது. பிள்ளைகள் அதன் குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியலை, இழுத்துவிட்டு விளையாடுவார்களாம். குச்சி மூன்று விரற்கடை குறைந்தது. எக்ஸ்ரேயில் கூம்பு முனையோடு ஒரு மினியே குண்டு, அந்தப் போரில் பரவலாக இருந்த ஈயக் குண்டு.

கறுப்பு வெடிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம். ஈரம் படாவிட்டால் நூறு வருடம் கடந்தும் பற்றிக்கொள்ளும். 2008-ல் வர்ஜீனியாவில், இதே போரின் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார்.

இப்படிக் கெட்டித்தபடியே விடப்பட்ட துப்பாக்கி அபூர்வமுமல்ல. 1863 ஜூலையில் இதே போரின் கெட்டிஸ்பர்க் சண்டை ஓய்ந்த பிறகு களத்திலிருந்து சேகரித்த 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கெட்டித்த குண்டு சுடப்படாமலே இருந்தன. பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று குண்டுகள். ஒன்றில் 23 என்பது பதிவு. கொல்ல மனம் வராமல்தான் சுடாமல் விட்டார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. சுற்றிலும் ஆயிரம் வேட்டுச் சத்தம், கண் மறைக்கும் புகை. கேப் வெடிக்காமல் போனாலும், தன் துப்பாக்கி சுட்டுவிட்டது என்றே நினைத்து அடுத்ததைக் கெட்டித்திருப்பான்.

உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். விசையைத் தொட வேண்டாம். துளையிடுவது, சூடாக்குவது வேண்டவே வேண்டாம். வாய்வழித் துப்பாக்கி தெரிந்த கொல்லரையோ அருங்காட்சியகத்தையோ கூப்பிடுங்கள். பாலிஷும் போடாதீர்கள். துப்பாக்கியின் மரக்கட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்கள், அந்தக் காலத்தில் துப்பாக்கியைச் சோதித்த ஆய்வாளர் பதித்த முத்திரையையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

அந்தக் குடும்பத்தின் துப்பாக்கியில் கொல்லர் முதலில் மருந்தை நனைத்தார். பிறகு திருகாணிக் கோலைக் குண்டில் ஏற்றி வெளியே இழுத்தார். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கியின் பக்கத்தில் குண்டும் இருக்கிறது, தலையில் திருகிய துளையோடு. பார்க்க வருபவர்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு அதைத்தான் குனிந்து பார்க்கிறார்கள்.