சிலாப்: தமிழில் அசை

பிரெஞ்சு படிப்பவர்களுக்குக் கூட்டுச்சொல் வந்தாலே நாக்கு தடுமாறும். வானவில்லுக்கு அவர்கள் சொல் 'அர்க்-ஆன்-ஸியெல்'. அர்க் என்றால் வில், ஸியெல் வானம், நடுவில் இருக்கும் ஆன் நம் 'இல்' உருபு மாதிரி. எழுத்தில் கோடு போட்டிருக்கிறதே என்று அங்கங்கே நிறுத்திச் சொன்னால் தப்பு, வாயில் அது 'அர்-கான்-ஸியெல்' என்றுதான் வரும். முதல் சொல்லின் கடைசி மெய் அடுத்த உயிரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நன்னூல் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று சொல்வதும் இதைத்தானே, தமிழ் + அன்னை 'த-மி-ழன்-னை' ஆவது அப்படித்தான்.

இப்படிப் பிரிகிற ஒவ்வொரு துண்டும் ஒரு 'சிலாப்', ஆங்கிலத்தில் சிலபிள். 'சேர்த்துப் பிடித்தது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் லத்தீனுக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. தமிழில் அசை என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் யாப்பிலக்கண அசையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: 'கடல்' யாப்பில் ஒரே நிரையசை, ஒலிப்பில் 'க-டல்' என்று இரண்டு அசை.

அடுத்தது 'அக்சான்', அதாவது அழுத்தம். லத்தீனில் 'பாட்டோடு சேர்ந்தது' என்று பொருள். பிரெஞ்சில் எழுத்தின் தலையில் போடும் கோடுகளுக்கும் இதே பெயர் என்பதால், கோடு இருக்கும் இடத்தில் அழுத்திவிடுகிறார்கள், அதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டுச்சொல்லில் எத்தனை சொல் சேர்ந்தாலும் அழுத்தம் ஒன்றுதான், அதுவும் கடைசி அசையில். 'போர்த்-மொனே' (சில்லறைப் பை) என்று தனியே சொன்னால் 'னே'யில் விழும்; கறுப்புப் பை என்று பின்னால் 'நுவார்' சேர்த்தால் அழுத்தம் நுவாருக்குத் தாவிவிடும். ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் பெரும்பாலும் முதல் பாதியை அழுத்திப் பழகிய நமக்கு இது சட்டென்று வராது.

இன்னொரு சிக்கல், 'போர்த்' சொல்லின் கடைசியில் எழுதப்படும் 'எ'. பின்னால் ஓரசைச் சொல் வந்தால் அது லேசாக ஒலிக்கும்: பேனாக்கட்டைக்கு 'போர்-த-ப்ளூம்', மூன்று அசை. இரண்டசைச் சொல் வந்தால் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள், அதனால்தான் 'போர்த்-மொ-னே'. தெற்குப் பிரான்சில் மார்செய் நகரப் பக்கம் போனால் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே இரண்டிலும் அந்த எழுத்து காதில் விழும், ப்ளூம் கடைசியில்கூட ஒரு 'அ' இழுபடும், ஆனாலும் அழுத்தம் ப்ளூவை விட்டு நகராது.