புள்ளிக்கோட்டின் மேல் எழுதினால் எழுத்து பதியுமா?

பள்ளிக்கு லீவு விட்டதும் காரைக்குடி ஜெராக்ஸ் கடைகளில் ஒரு வேலை கூடிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த பயிற்சித் தாள் பிடிஎஃப்பைக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு, "அண்ணே, எல்லாப் பக்கமும் ஒரு காப்பி போட்டுருங்க" என்று பெற்றோர் நிற்பார்கள். அ, ஆ, இ, ஈ எல்லாம் புள்ளிக்கோட்டில் அச்சாகி வரும். பிள்ளை அதன் மேலேயே பென்சிலை ஓட்டிப் பக்கங்களை முடித்துவிடும். பக்கம் முடிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்து பதிந்ததா?

மூளையை ஸ்கேன் செய்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்டுடன் சேர்ந்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். அப்புறம் ஸ்கேனரில் அந்த எழுத்துகளைக் காட்டியபோது, தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் நன்றாக விழித்துக்கொண்டன. சின்ன ஆய்வுதான். ஆனால் விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது. தானாக எழுதும் 'அ' ஒருமுறை கோணலாக வரும், ஒருமுறை குண்டாக வரும். இத்தனை கோணலுக்கும் பொதுவான வடிவம் எது என்று மூளை தேட வேண்டியிருக்கிறது. புள்ளிக்கோடு அந்தத் தேடலுக்கே இடம் தருவதில்லை.

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைப் பாருங்கள். அங்கே புள்ளி இடத்தை மட்டும்தான் காட்டுகிறது. இழை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதைக் கைதான் முடிவு செய்கிறது.

தமிழுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். 'கே' என்பதில் க் ஒலி முன்னே, ஏ ஒலி பின்னே. எழுதும்போதோ கொம்பு முதலில் வருகிறது. 'கோ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். இந்த முன்பின் குழப்பத்தைப் பிள்ளை தானே தீர்த்துப் பழக வேண்டும். அதனால் தாளில் முதல் வரி மட்டும் புள்ளிக்கோடாக இருக்கட்டும். இரண்டாம் வரியில் தொடங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி போதும். மூன்றாம் வரி வெறுமையாக இருக்கட்டும். நான்காவதை, மேலே உள்ளதைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதட்டும். நினைவிலிருந்து தேடி எடுக்கும்போதுதான் நினைவு உறுதிப்படுகிறது.

கணக்குத் தாளில் வேறொரு சிக்கல். பக்கம் முழுக்கக் கூட்டல் என்றால், மூன்றாவது கணக்குக்கு மேல் பிள்ளை குறியைப் பார்ப்பதே இல்லை. கழித்தலையும் கலந்துவிட்டால் ஒவ்வொரு கணக்கிலும் 'என்ன கேட்கிறார்கள்?' என்று யோசிக்க வேண்டிவரும். தப்பு கூடத்தான் செய்யும். 2007இல் ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பயிற்சி நேரத்தில் ஒரே வகைக் கணக்காகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டம் 20 சதவீதத்துக்கு இறங்கியது, கலந்து செய்தவர்கள் 63. பெரியவர்களிடம் எடுத்த எண்களை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் சிவப்பு மையே படாத தாளைப் பார்த்து ரொம்பவும் பூரித்துப்போக வேண்டாம் என்பேன்.

இடைவெளியும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பத்துத் தாள் எழுதுவதைவிட நாளுக்கு ஒன்றிரண்டு எழுதுவதே நல்லது. இடைவெளி விட்டுப் படித்தால் நினைவு நிற்கும் என்பதை 1885லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்கவுஸ் எழுதிவிட்டார். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒயிட்போர்டு பேனா கொடுத்தால், துடைத்துவிட்டு அடுத்த வாரமும் அதே தாள். கலர் பிரிண்ட் தேவையே இல்லை. ஓரமெல்லாம் கரடியும் பலூனும் இருந்தால் பிள்ளையின் கண் அங்கேதான் போகும்.

வாங்குவதைவிட நாமே செய்துகொள்ளும் தாள்கள் பல நேரம் நன்றாக அமையும். ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டின் பூ டிசைன் தரை ஓடு) பாவிய வீடாக இருந்தால் மாதிரி காலடியிலேயே கிடக்கிறது. பல டிசைன்களில் நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுசாகும். கட்டம் போட்ட தாளில் கால் பூவை மட்டும் வரைந்து கொடுங்கள். மீதி மூன்றையும் பிள்ளை திருப்பித் திருப்பி யோசித்து வரையட்டும். வரைந்து முடித்ததும் தாளைத் தரையில் வைத்து ஒப்பிட்டு, எந்த இதழ் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்துவிடும்.